வலப்பக்கம் நின்ற முப்பத்தொரு பேர்

…அப்படியானால் கால் தானாகவா போயிற்று, காலுக்கென்று தனியாக ஒரு புத்தியா இருக்கிறது என்று தன்னையே வைதுகொண்டு தேயிலைக் கொழுந்தைக் கிள்ளித் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிந்தாள் அம்மாக்கண்ணு. நேற்று ஞாயிற்றுக்கிழமை, தினம் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் நடந்தது மறுபடி மறுபடி கண்முன் வந்தது… சங்கத்தின் தோட்டத் தலைவர் தேர்தல், எட்டு வருசமாகத் தலைவராக இருக்கிற பொன்னையாவை எதிர்த்து, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற அழகுமுத்து நின்றான், இப்படி ஒருவன் எதிர்த்து நிற்பதே இந்தத் தோட்டத்தில் முதல் தடவை. சங்கத்தின் ஹட்டன் ஆபீசிலிருந்து வந்த ஆள் நோட்டை விரித்து, பொன்னையாவுக்கு என்றால் வலப்பக்கம், அழகுமுத்துவுக்கு என்றால் இடப்பக்கம், போய் நில்லுங்கள் என்றார். அவ்வளவுதான். கொழுந்துக்காரப் பெண்கள் முப்பத்தொரு பேரும் விறுவிறுவென்று நடந்து வலப்பக்கம் தண்ணீர் ஓடுகிற கான் ஓரமாகப் போய் வரிசையாக நின்றார்கள், பதினெட்டு வருசமாகத் தினம் காலையில் பேர் கூப்பிடும்போது நிற்கிற அதே இடம், அதே வரிசை, குள்ளமானவர்கள் முன்னால். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது பொய்யா? முன்னால் நடந்தது யார், இந்த அம்மாக்கண்ணுதான், ஒரு மாதமாக லயம் லயமாக, வீடு வீடாக ஏறி இறங்கி அழகுமுத்துவுக்கு ஆள் சேர்த்த இதே அம்மாக்கண்ணு.

பக்கத்தில் நின்ற ஐவிதான் முதலில் கண்டுபிடித்தாள், அக்கா, நாம எந்தப் பக்கம் நிக்கிறோம் என்று காதருகில் கேட்டாள். அதற்குள் அந்த ஆள் எண்ணிவிட்டார். இவர்கள் இடப்பக்கம் ஓடியபோது நோட்டை மூடி, எண்ணி முடித்தாயிற்று, இனிமேல் மாற முடியாது, இது என்ன கண்ணாமூச்சியா என்று சிரித்தார்… வலப்பக்கத்தைப் பொன்னையாவுக்குக் கொடுத்தது யார் யோசனை? அந்த ஹட்டன்காரருக்குப் பெண்கள் எங்கே நிற்பார்கள் என்று தெரியுமா? பொன்னையாவுக்குத் தெரியும். தெரியாமல் இருக்குமா, அவரும் அதே களத்தில் நின்று தலை நரைத்தவர்தானே. படுபாவி. ஆனால் அவரைத் திட்டினால் மட்டும் ஆறிவிடுமா, நடந்தது தன் கால்தானே, அதுவும் இருக்கிற ஒரே ஓட்டை வைத்துக்கொண்டு. நாற்பத்தேழில் ஒரு தடவை இலங்கைப் பார்லிமெண்டுக்கு ஓட்டுப் போட்டாள், புதுச்சேலை கட்டிக்கொண்டு போனாள், அடுத்த வருசமே நீங்கள் இந்த நாட்டுக்காரர் இல்லை என்று சட்டம் போட்டுவிட்டார்கள், பதின்மூன்று வருசமாகக் கிராமத்து ஆட்கள் ஓட்டுப் போடப் போவதை மலையிலிருந்து பார்ப்பதோடு சரி. சங்கத்தில்தான் ஓட்டு, சங்கம்தான் கட்சி, சங்கம்தான் கவர்மெண்டு. அந்த ஓட்டையும் கொண்டுபோய்க் கான் ஓரத்தில் கொட்டினாளே.

இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குக்குள் அந்தக் கடுதாசி குத்திக்கொண்டே இருந்தது. இந்தச் சங்கத்தை விட்டு விலகுகிறோம் என்று நேற்றே எழுதிவிட்டார்கள். அழகுமுத்துதான் சொன்னான், நம்மை மதிக்காத இடத்தில் நமக்கென்ன வேலை, அடுத்த சங்கத்தில் சேர்ந்துவிடுவோம், பெண்களிடம் நீங்கள் கைநாட்டு வாங்குங்கள் அக்கா என்று. மத்தியான நிறுவையின்போது அடுத்த சங்கத்து ஆள் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வருவான். காலையிலிருந்து ஒருத்தியிடமும் கேட்கவில்லை அவள். ஏன் கேட்கவில்லை? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா… அந்தச் சங்கத்திலும் ஒரு பொன்னையா இல்லாமலா இருப்பார், அங்கேயும் போய் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். இந்தச் சங்கம் யார் கட்டியது? வேலைநிறுத்தத்தில் பதினேழு நாள் மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்று கட்டியது. அதைப் பொன்னையாவுக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவா? கீழ் வரிசையில் ஐவியின் ரவிக்கை நனைந்திருந்தது. மழை இல்லை, பால். மூன்று மாதப் பிள்ளை, ஆயா பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் கத்திக்கொண்டிருக்கும், பத்து மணிக்கு இறங்கிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரக் கேட்டதற்குக் மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு முறைத்தார், பொன்னையாவோ தோட்டத் தொரையோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்றார், இரண்டு வருசமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். அதற்காகத்தான் அழகுமுத்து நின்றான். அதற்காகத்தான்… அதற்காகவா இந்தக் கடுதாசி?

அப்போதுதான் பொன்னையா வந்தார். மலைக்கு. எட்டு வருசத்தில் அவர் கொழுந்து மலை ஏறி அவள் பார்த்ததில்லை. கோட்டு, குடை, கால்சட்டையில் அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்கப் பூசிய சவர்க்காரம். மூச்சு வாங்கியது. ஜெயித்த மனுசன் எதற்காக இப்படி மூச்சிரைக்க ஏறி வருகிறார்? அவரே கொட்டினார், தோட்டத்தின் கீழ்ப்பிரிவுப் பெண்களும் பால் நேரம் கேட்கிறார்களாம், தலவாக்கலைப் பக்கம் இரண்டு தோட்டத்தில் தலைவரை மாற்று என்று கிளம்பிவிட்டார்களாம், சங்க மாநாடு வருகிற நேரத்தில் இங்கே என்னதான் நடக்கிறது என்று ஹட்டன் ஆபீசில் கேட்கிறார்களாம். கடுதாசி விசயம் அதற்குள் அவர் காதுக்கும் போயிருந்தது, குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, பால் நேரத்துக்கு நான் பொறுப்பு. அந்தக் கடுதாசியை மட்டும் கிழிச்சுப் போட்டுருங்க."

கைகள் பழக்கத்தில் கிள்ளிக்கொண்டே இருந்தன, அவள் நிறுத்தினாள். சரி என்று சொல்லிவிட்டால் ஐவி நாளைக்கே இறங்கிப் போகலாம். ஆனால் இன்றைக்கு இவர் கொடுத்தால் நாளைக்கு இவரே எடுத்துக்கொள்வார். பயந்திருக்கிறார், அவள் நன்றாகப் பார்த்தாள், கண் ஓரம் துடித்தது. கடுதாசியைக் கிழிக்கச் சொன்னாலும், போகிறோம் என்றா பயப்படுகிறார், இல்லை, போகாமல் இருந்துவிடுவோமோ என்றுதான். போனவர்களை இரண்டு நாள் துரோகி என்று திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். உள்ளேயே உட்கார்ந்து வாரா வாரம் கேள்வி கேட்டால் எங்கே போவார்?

"நாங்க எங்கயும் போகல தலைவரே," என்றாள். "வர்ற ஞாயித்துக்கெழம மறுபடி ஓட்டு வைங்க. ஒவ்வொரு ஆளாப் பேரச் சொல்லிக் கூப்புட்டு, யாருக்குன்னு வாயால கேளுங்க. வைக்கலன்னா முப்பத்தொரு பேரும் கூடையோட ஹட்டன் ஆபீசு வாசல்ல வந்து ஒக்காருவோம். நம்ம சங்கத்து வாசல்தானே."

பொன்னையா தலையை ஒரு தடவை ஆட்டினார். குடையை ஊன்றி இறங்கிப் போனார், அது சரி என்பதா இல்லை பார்க்கலாம் என்பதா, யார் கண்டது. ஐவியை அவளே அனுப்பிவிட்டாள், இறங்கு, கண்டாக்கு கேட்டால் அம்மாக்கண்ணு போகச் சொன்னாள் என்று சொல், வருவது வரட்டும். ஐவி இரண்டு வரிசை தாண்டுவதற்குள் இன்னும் நாலு தாய்மார் கூடையை இறக்கிவிட்டு அவள் பின்னாலேயே நடந்தார்கள். ஒருவரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை. அம்மாக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்தது… மத்தியானம் அழகுமுத்து மடுவத்துக்கு வந்து கைநாட்டு எங்கே அக்கா என்பான், இல்லை என்றால் கோபப்படுவான், ஒனக்காகத்தானே செஞ்சேன் என்று இவள் ஆரம்பித்தால் அதுவும் முழு உண்மையாகாது. அடுத்த ஞாயிறு அவன் ஜெயிக்கலாம். ஜெயித்து, எட்டு வருசம் கழித்து, ஒரு கோட்டும் மாட்டிக்கொண்டு இதே மலையில் மூச்சிரைக்க வந்து தங்கச்சி என்றால்… அவனிடமும் இதையேதான் சொல்வாளா? சொல்வாள். கை சட்டென்று நின்றது. ஒரு மாதமாக எல்லோரும் அவளை அழகுமுத்துவின் ஆள் என்றார்கள், அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள், அப்படியானால் அவள் உண்மையில் யாருடைய ஆள்…