ரெண்டே நிமிஷம்

குறைதீர் கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றதும் எங்கள் வெங்கடாசலம் வாத்தியார் புன்னகைத்தார். முப்பது வருடம் இங்கிலீஷ் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர். அவரிடம் மணி கேட்டால், பதில் முடிவதற்குள் தேதி மாறிவிடும். என்னைப் போல ரிட்டயரானவனுக்கு அது வரம்தான்.

அவரைப் பேச அழைத்து வந்தவள் அஞ்சம்மாள், உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களுக்குத் தலைவி. அளத்துக்குப் போகும் பாதையில் இருந்த ஓடைப்பாலம் இடிந்து லாரி வரவில்லை. வாரிக் குவித்த உப்பு அப்படியே கிடந்தது. மழை இறங்கினால் அத்தனையும் தண்ணீர்.

"சுருக்கமா சொல்லுங்க சார்," என்றார் அதிகாரி, மேசைமணியில் கைவைத்து.

வாத்தியாருக்கு முகம் மலர்ந்தது. "ஷார்ட்டா சொல்றேங்க. ஆனா ஷார்ட் வேற, பிரீஃப் வேற. பிரீஃப்னா நேரம் கம்மி. கன்சைஸ்னா வீண் வார்த்தையே இருக்கக்கூடாது. டெர்ஸ்னா வெடுக்குன்னு பேசறது, பெரியவங்க முன்னாடி அது மரியாதை இல்லீங்க. அதனால நான் கன்சைஸா..."

அஞ்சம்மாள் அவர் முதுகில் குத்தினாள். "சார், பாலம்! பாலத்த சொல்லு சார்!"

"இரும்மா, லாக்கோனிக் இன்னும் பாக்கி இருக்குது."

மணி அடித்துவிட்டது. அதிகாரி அடுத்த மனுவை எடுத்தார்.

அளத்தில் மேகம் கறுத்தால், முதலில் பார்த்தவள் ஒரு கூச்சல் போடுவாள். கடைசிப் பாத்திவரை கேட்கவேண்டிய கூச்சல் அது. அஞ்சம்மாள் அந்தக் குரலை எடுத்தாள்.

"மழ வருது! பாலம் ஒடஞ்சி கெடக்குது! உப்பு கரயப்போவுது!"

ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. எங்கோ தள்ளியிருக்கும் கோட்டக்குப்பத்தில் காயப்போட்ட துணிகளைக்கூட உள்ளே எடுத்திருப்பார்கள். அதிகாரி எழுந்து வானத்தைப் பார்த்தார். பளிச்சென்று வெயில்.

"எந்தப் பாலம்மா?" என்று பேனாவைத் திறந்தார்.

நாலாம் நாள் ஓடையில் குழாய் புதைத்து, மேலே மண் கொட்டி, லாரி போக வழி செய்துவிட்டார்கள். லாரிகள் வரிசையாக வந்தன. கடைசி லோடு ஏறும்போது நிஜமாகவே மேகம் கறுத்தது. வாத்தியார் மூச்சிரைக்க ஓடிவந்து லாரியை மறித்தார்.

"அஞ்சம்மா, அன்னிக்கு நீ பேசினியே, அதுக்கு இங்கிலீஷ்ல ரெண்டு மூணு வார்த்த இருக்குது. ரெண்டே நிமிஷம்..."

அஞ்சம்மாள் அவர் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினாள். லாரியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினாள்.

"போலாம்!"

லாரி ஓடையைத் தாண்டிப் போனது. வாத்தியார் 'பிரீஃப்' வரைக்கும் வந்திருந்தார்.