மண்டி வெளிச்சத்தில் ஒரு நீலக்கல்

தேவசேனா மலைமேல் நாயுடுபுரத்தில் நீலக்கற்களைச் சுட்டு நிறம் ஏற்றுகிறவள். ஆயிரத்து அறுநூறு டிகிரி சூட்டில் எந்தக் கல் நீலம் பிடிக்கும், எது வெடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. விற்பனைக்கான படங்களையும் வடக்குச் சன்னலோரம் வைத்து அவளே எடுப்பாள். படத்தில் நிறத்தைக் கூட்டுகிற வேலையே கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அதனால்தான் முருகம்மாள் வந்து சண்டை போட்டபோது சுருக்கென்றது. முருகம்மாள் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி நடத்துகிறவர். மகளின் மோதிரத்துக்காகப் படத்தைப் பார்த்துக் கல் வாங்கியிருந்தார்.

“தக்காளிக்கு மேல செவப்புத் தார்ப்பாயக் கட்டி ஏமாத்துறவங்கள நான் தெனமும் பாக்குறேன். நீயும் அதத்தான் செஞ்சிருக்க. கல்லு கரியாட்டம் கெடக்கு!”

தேவசேனா கல்லை வாங்கிச் சன்னலில் வைத்தாள். பனி மூட்டத்தின் வெளிச்சத்தில் அது படத்தில் இருந்தபடியே நீலமாக மின்னியது.

“இப்பப் பாருங்கக்கா.”

முருகம்மாள் குனிந்து பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. “இங்க நல்லாத்தான் இருக்கு. எம்மக என்ன ஒஞ்சன்னல்லயா குடியிருக்கப் போறா? நாளெல்லாம் மண்டியிலதான நிக்கிறா.”

கேள்வி நியாயமானது. அன்று மாலை சுடுவதற்கென்று பட்டை தீட்டிய வெளிர் நீலக் கல்லொன்றை எடுத்து வைத்திருந்தாள் தேவசேனா. அதைத் தாளில் மடித்துக்கொண்டு, கேமராவைத் தோளில் மாட்டினாள்.

“வாங்க, ஒங்க மண்டிக்கே போயிப் பாத்துருவோம்.”

“வெரசாக் கெளம்பு. எனக்குச் சோலி கெடக்கு.”

மண்டியில் முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு மேலே, தகரக் கூரையில் டியூப்லைட் எரிந்தது. மகள் சௌம்யா உள்ளங்கையை நீட்டினாள். அதில் வைத்ததும் அம்மா வாங்கிய கல் மைத்துளி போல இருண்டுபோனது. தேவசேனா மழுப்பவில்லை.

“தப்பு என்னோடதுதாங்க்கா. நெறம் பொய்யில்ல. ஆனா அளவுக்கு மேல ஏத்திட்டேன். ஒரே வெளிச்சத்துல படமும் எடுத்துட்டேன்.”

பிறகு வெளிர் நீலக் கல்லைப் பக்கத்தில் வைத்தாள். மலையில் சோகை பிடித்தது போலிருந்த கல், இங்கே ஒவ்வொரு பட்டையிலும் நீலத்தைத் தெறிக்கவிட்டது. சௌம்யா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அம்மா, எனக்கு இதுதான்.”

“இதையும் சுட்டா இன்னும் எடுப்பா இருக்குமோ?” என்றார் முருகம்மாள்.

“வேணாங்க. சுட்டா இதுவும் கருத்துப்போகும். இத நான் தொடவே மாட்டேன்.”

வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கும் அதே முகத்தோடு முருகம்மாள் கல்லை விரல்களில் உருட்டினார்.

“சரி. இதையே குடு.”

கிளம்பும் முன் தேவசேனா, திரும்ப வாங்கிக்கொண்ட இருண்ட கல்லை வெங்காய மூட்டை மேல் வைத்துப் படம் எடுத்தாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனில் தன் விற்பனைப் பக்கத்தைத் திறந்து, சன்னல் படத்துக்கு அருகில் மண்டிப் படத்தையும் ஏற்றி, ‘சுட்ட கல். பகலில் நீலம், டியூப்லைட்டில் கறுப்பு’ என்று எழுதினாள். பஸ் பழனியைத் தாண்டி மலையேறுவதற்குள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.

“அந்தக் கறுப்புதாங்க எனக்குப் பிடிச்சிருக்கு. வேற யாருக்கும் குடுத்துராதீங்க.”