மேசைக்கடியில் ஒரு கிண்ணம்

பாரீஸில் எங்கள் தெருமுனை கஃபேயில் பத்து வருடமாகக் காபி குடிக்கிறேன். பரிமாறுகிற ஃபப்ரீஸுக்கு என் பெயர் தெரியாது. போன மாதம் எங்கள் தெருவுக்குக் குடிவந்த ஒதீல் என்ற பெண் தன் நாயோடு நுழைந்தால் மட்டும், "வாடா கஸ்தோன், என் ராஜா!" என்று ஓடுவான். என் காபிக்கு முன்னால் அந்த நாய்க்குத் தண்ணீர்க் கிண்ணம் வந்துவிடும். அதுவும் மேசைக்கடியில் சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும். வயிறு எரிந்தது எனக்கு.

நானும் ஒரு நாய் வாங்கினேன். குரைக்காமல் மேசைக்கடியில் படுக்கப் பழக்கி, இன்று கூட்டிப்போனேன். ஃபப்ரீஸ் கிண்ணத்தோடு ஓடிவந்தான்.

"அடி செல்லமே, உன் பேர் என்ன?" என்று நாயைக் கொஞ்சினான்.

"ப்ரலீன்," என்றேன் பெருமையாக. "என் பேரு..."

அதற்குள் அவன் உள்ளே பார்த்துக் கத்தினான்:

"ப்ரலீனோட அம்மாவுக்கு ஒரு காபி!"