விபத்தில்லா நாள் 211

பொழுது விடியும் முன்பே கிரேன் சங்கிலி கிறீச்சிடும். உப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தகரக் கேன்கள் மேலே வரும். வெந்நீரில் ஒரு முங்கு முக்கிக் கவிழ்த்தால், ஐஸ் பார் வழுக்கிக்கொண்டு சறுக்குப் பாதையில் பாயும். ஒவ்வொரு பாரும் இரண்டு ஆள் கனம். கீழே கொக்கியோடு நிற்பவன் அதை நிறுத்திப் புரட்டி வண்டிப் பக்கம் தள்ள வேண்டும். மூக்கு இன்னும் இருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்வோம்.

சறுக்கின் அடியில் முன்பு குறுக்கே ஒரு தடுப்புப் பலகை இருந்தது. பார் அதில் முட்டி நிற்கும். பலகையைத் தாண்டித் தூக்கிப் போட நேரமாகிறது என்று முதலாளி அதைக் கழற்றிவிட்டார். நல்ல தடித்த பலகை. வீணாக்க மனமில்லாமல் கறுப்பு அடித்து வாசலில் மாட்டினார். மேலே ‘விபத்தில்லா நாட்கள்’ என்று எழுதி, கீழே தினமும் தன் கையாலேயே சாக்பீஸால் எண்ணை ஏற்றினார்.

அன்றுமுதல் பாரை நாங்கள், முறை வரும்போது கிரேன் ஓட்டுபவர்கூட, காலால் நிறுத்தினோம். அதற்குக் ‘கால் கொடுக்கிறது’ என்று பெயரும் வைத்தோம். முதலாளி எல்லோருக்கும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் கொடுத்திருந்தார். அதனால் ஒருவன் காலுக்கு என்ன ஆனது என்று பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. அடிபட்டு எண்ணைப் பூஜ்ஜியமாக்குகிறவன் வேலையையும் கம்பெனி அறையையும் அன்றைக்கே காலி செய்ய வேண்டும்.

இருநூற்று ஏழாம் நாள், என் அக்கா புருஷன் கால் கொடுத்தார். பூட்ஸுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். என்ன மச்சான் என்றேன். “ஒன்னுமில்ல மாப்ள, கொக்கி” என்றார். அன்று முழுக்க அவர் நொண்டாமல் நடந்தார். நொண்டாமல் நடக்க ஒரு மனிதர் அவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை.

அறைக்கு வந்து கழற்றினால், இரண்டாவது விரல் தன் இடத்தை விட்டு மேலேறி, பெருவிரலின் தோளில் கை போட்டதுபோல் உட்கார்ந்திருந்தது. இழுத்துவிடவா என்று அக்கா குனிந்தாள். மச்சான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சுளுக்குதான், ஐஸ் வைத்தால் சரியாகிவிடும் என்றார். ஐஸுக்கு எங்களிடம் பஞ்சமில்லை. மூன்று நாள் வைத்தோம். விரல் நீலம் பாய்ந்தது. அக்கா நுனியை ஊசியால் மெல்லத் தொட்டாள்; குத்துவது சரியாகத் தெரியவில்லை என்றார் மச்சான். அக்கா எதை முதலில் மூட்டை கட்டுவது என்பதுபோல் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பியது.

எலும்பு டாக்டரம்மா நகத்தை அழுத்திவிட்டு, ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தார். மெதுவாகத் திரும்பியது. எக்ஸ்ரே எடுத்தார். மூட்டு நழுவியிருக்கிறது, எலும்பு உடையவில்லை, நீங்களாக இழுக்காதது நல்லதாயிற்று, இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கிழித்துத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்றார். மச்சானுக்கு அதெல்லாம் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு எழுதுங்கம்மா.”

டாக்டரம்மாவின் பேனா நின்றது. “ஐஸ் கம்பெனியா?”

நாங்கள் தரையைப் பார்த்தோம்.

“இந்த வருஷம் உங்க கம்பெனியிலேருந்து பாத்ரூம்ல விழுந்து வர்ற ஆறாவது ஆளு நீங்க. அப்படி என்னய்யா வச்சிருக்கீங்க அந்த பாத்ரூம்ல?”

மற்ற ஐந்து பேர் யார் என்று கேட்டேன். அதைச் சொல்ல மாட்டேன் என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, விரல் நுனியைப் பிடித்து நீளவாக்கில் இழுத்தார். இழுத்தபடியே மேலிருந்து அழுத்தினார். மறுபடி ஒரு ‘டக்’. இன்னொரு எக்ஸ்ரே. பிறகு நடுவே பஞ்சு வைத்து, மூன்றாம் விரலோடு சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றினார். தனியாக விட்டால் மறுபடி நழுவும், பக்கத்து விரலோடு கட்டினால்தான் நிற்கும் என்றார். இதை யாராவது மேடையில் பேசிவிடுவார்களே என்று அப்போதே எனக்கு ஒரு கவலை. கெட்டி அடி வைத்த செருப்பு, மூன்று வாரம் ஓய்வு என்று எழுதி, காயம்பட்ட இடம் என்பதற்கு நேராக ‘வேலையிடம்’ என்றும் எழுதிவிட்டார். மச்சான் அந்தச் சீட்டை எட்டாக மடித்தார்.

சாயங்காலம் ஒவ்வொருவரிடமும் விசாரித்தேன். எல்லோரும் கால் நன்றாக இருக்கிறது என்றார்கள். கிரேன்காரர் மட்டும் சற்று யோசித்து, “எங்க வீட்ல பாத்ரூமே இல்லியே தம்பி” என்றார். நான் பாத்ரூம் பற்றி எதுவும் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் மச்சான் என் பூட்ஸைப் போட்டுக்கொண்டார், ஓர் அளவு பெரிது என்பதால். அவருடையதில் என் கால் நசுங்கியது. வாசலில் முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பலகையில் 211 ஏறியிருந்தது.

“நம்ம ஆளு ஒருத்தன் ஆஸ்பத்திரியிலேருந்து நொண்டிக்கிட்டு வந்ததை வண்டி டிரைவர் பாத்திருக்கான். முகம் தெரியலையாம். எல்லாரும் பூட்ஸைக் கழட்டுங்க. கால் சரியில்லாதவன் ரூம் சாவியை வச்சிட்டுப் போலாம்.”

நாங்கள் பதினான்கு பேர். மச்சான் பூட்ஸ் விளிம்பைப் பிடித்தபடி குனிந்தே நின்றார். அறை ஜன்னலில் அக்கா நிற்பது எங்களுக்குத் தெரிந்தது.

வரிசையின் கடைசியில் நின்ற கிரேன்காரர் முதலில் கழற்றினார். நடுவிரல் ஏறியபடியே இறுகிப்போயிருந்தது.

“இது என்ன?” என்றார் முதலாளி.

“பாத்ரூம்ல விழுந்தேங்க.”

“எப்போ?”

“நூத்தி நாப்பதாவது நாளு முதலாளி.”

அடுத்தவன் கழற்றினான். “எழுபத்திரெண்டு.” அதற்கடுத்தவன், “முப்பது.” பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல் வரிசை நகர்ந்தது. ஒன்பதாவதாக மச்சான், பிளாஸ்திரி தெரிய, “இருநூத்தியேழு” என்றார்.

“அப்ப இத்தனை நாளா எல்லாரும் பொய் சொல்லியிருக்கீங்க.”

“நாங்க வாயால சொன்னோம்,” என்றார் கிரேன்காரர். “நீங்க எழுதி மாட்டினீங்க.”

முதலாளி எழுந்தார். “ஒன்பது பேரும் வெளியே போங்கடா.”

நானும் கழற்றியிருந்தேன்; என் விரல்கள் நேராக இருந்தன. இப்படி வெட்கப்பட வேண்டிவரும் என்று அவற்றுக்குத் தெரியாது. ஒன்பது பேர் பக்கம் போய் நின்றேன். மச்சானின் பூட்ஸ் செய்த வேலையால் நொண்டிக்கொண்டே போனேன். மீதி நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு வெறுங்காலோடு வந்தார்கள்.

கிரேன்காரர் பலகையைக் கழற்றினார். கையை வைக்காதே என்று முதலாளி கத்தினார். “இது இருந்த எடத்துல இருந்தா பார் எறங்கும். இல்லேன்னா தொட்டியிலேயே கெடக்கட்டும்” என்றபடி அவர் அதைச் சறுக்கின் அடியிலிருந்த பழைய பள்ளத்தில் இறக்கினார். கச்சிதமாகப் பொருந்தியது. முதலாளி அறைக்குள் போய்ப் போனை எடுத்தார். போலீசா, வேறு ஆட்களா, தெரியவில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு பாரை விட்டோம். சீறிக்கொண்டு வந்தது. பழக்கதோஷத்தில் பதினான்கு கால்களும் முன்னே எழுந்தன. பார் பலகையில் மோதி நின்றது. ஈரம் பட்டு 211 வழிய ஆரம்பித்தது.

உள்ளே முதலாளி யாரையோ அழைத்துக்கொண்டே இருந்தார். தரை சில்லிட்டது. ஒருவன் காலை ஒருவன் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் பூட்ஸை எடுக்கவில்லை.