எலும்பில் நின்ற அம்பு

மொன்டானா மலையில் எல்க் மான் வேட்டைக்குக் கிளம்பும் முன், என் மனைவியின் தம்பி லேலண்ட் என் அம்புகளைக் கையில் தூக்கிப் பார்த்தான்.

"மச்சான், இது அம்பா, பல்லுக் குத்துற குச்சியா? முனையில கனமே இல்ல. எலும்புல பட்டா அப்படியே நின்னுடும்."

"வேகமாப் போகும்டா. நீ உன் கடப்பாரை கனத்து அம்ப எடுத்துட்டு வா," என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் முப்பது கஜத்தில் ஓர் ஆண் எல்க் பக்கவாட்டில் நின்றது. எய்தேன். அம்பு தோள்பட்டை எலும்பில் பட்டு நாலு விரற்கடைதான் இறங்கியது. எல்க் அம்போடு காட்டுக்குள் ஓடியது.

இரண்டு நாள் இரத்தச் சொட்டுகளைத் தேடி நடந்தோம். லேலண்ட் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. கடைசியில், காக்கைகள் கத்திய ஓடைக்கரையில் அது வயிறு உப்பிச் செத்துக் கிடந்தது. இறைச்சி நாறிவிட்டது.

எனக்கு அந்த வருஷம் ஒரு எல்க்குக்குத்தான் அனுமதிச் சீட்டு. கொன்ற எல்க்கில் அந்தச் சீட்டைக் கட்டிவிட்டால் அந்த வருஷ வேட்டை முடிந்தது. அதை எடுத்துச் செத்த எல்க்கின் கொம்பில் கட்டினேன்.

"யாரு பாக்கப் போறா மச்சான்? வேற ஒண்ணு அடிக்கலாமே."

"இத நான்தானடா கொன்னேன்."

அது எத்தனை நேரம் வலியோடு நடந்திருக்கும் என்றே வீடு வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.