தரையோடு போகிற ஆட்டம்

பந்து இருதயத்தின் காலுக்கு வந்தபோது, மதுரைக்காரன் ஒருவன் பூட்ஸ் காலோடு எதிரே பாய்ந்து வந்தான். ஓங்கி ஒரு உதை விட்டிருந்தால் பந்து நடு மைதானத்தைத் தாண்டியிருக்கும். இருதயம் உதைக்கவில்லை. பக்கத்தில் நின்றவனுக்கு வெறுங்காலால் பைய உருட்டிவிட்டான். பாதி வழியில் அந்தப் பூட்ஸ் கால் குறுக்கே விழுந்து பந்தைப் பறித்தது. அடுத்த மூச்சில் பந்து இருதயம் பக்கத்துக் கோலுக்குள் கிடந்தது.

"ஏலே கூறுகெட்டவனே, தூக்கி அடிக்க வேண்டியதுதானலே!" என்று கத்தினான் எலியேசர்.

"அது நம்ம ஆட்டமில்லண்ணே. பேப்பர்லயே போட்டுருக்காவல்லா?"

எலியேசர் இராஜபாளையம் மில் டீமுக்குக் கேப்டன். சிரிப்பதா அறைவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் சடகோபன் மதுரைப் பேப்பருக்கு நிருபர். மில் டீம் ஜெயிக்க ஜெயிக்க அவர் எழுதிக்கொண்டே வந்தார். வெள்ளைக்காரன் ஆட்டம் ஆகாயத்தில், நம் ஆட்டம் மண்ணில். அவனுக்குப் பலம், நமக்கு யுக்தி. இந்த வெறுங்கால்கள்தான் பாரத தேசம். காப்பி கிளப்பில் ஒருவன் உரக்கப் படிக்க, எலியேசரும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டவன்தான். கேட்கக் கேட்க நெஞ்சு நிமிர்ந்தது. பொய் சொல்வானேன்?

அதைப் படித்துவிட்டுத்தான் இன்றைக்கு வத்திராயிருப்பிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வந்திருந்தது. மதுரை டீமிலும் தமிழ் ஆட்கள்தான். ஆனால் அவர்கள் பந்தை உயரத் தூக்கினால் போதும், "துரை வாராரு, வழி விடுங்கலே!" என்று கூட்டம் ஊளையிட்டது. ஊளையிட்டு என்ன? மதுரையைத் தவிர வேறு எந்த ஊரும் இதுவரை ஜெயிக்காத பந்தய ஷீல்டு, இன்னும் ஒரு பாதி ஆட்டத்தில் மறுபடி மதுரைக்கே ரயிலேறிவிடும்.

ஆப் டைமில் எல்லோரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். சடகோபன் பென்சிலோடு வந்து நின்றார்.

"ஏலே, நாம ஏன் தரையோட ஆடுதோம்?" என்றான் எலியேசர்.

"நம்ம நாட்டு ஆட்டம்லா," என்றான் இருதயம்.

"நாட்டு ஆட்டமா? மில்லுக்குப் பின்னால பஞ்சு காயப்போட்ட களத்துக்குப் பக்கத்துல ஆடுனோம். பந்து மேல எழும்புனா பஞ்சுல போயி விழும். மேஸ்திரி பந்தைப் புடுங்கிட்டு, நம்ம ஆத்தாளையும் நாலு வார்த்தை கேப்பான். அவனுக்குப் பயந்து உருட்டுனோம். அம்புட்டுத்தான். இங்க பஞ்சு எங்கலே கெடக்கு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சடகோபன் முகம் சுருங்கியது.

"ஏம்ப்பா எலியேசர், அப்போ நான் எழுதினதெல்லாம் பொய்ங்கறயா?"

"பொய்யில்ல சாமி. எங்களுக்கே எங்கள அழகாக் காட்டுனீங்க. ஆனா அடுத்து என்ன ஆடணும்னு காலுதான் சொல்லணும், பேப்பர் சொல்லக் கூடாது."

சடகோபன் எதையோ எழுதப் போய் நிறுத்தினார். "தூக்கி அடிச்சா இந்த ஜனம் உன்னை சும்மா விடாதுப்பா," என்றார். மிரட்டலாக இல்லை, நிஜமாகவே பயந்துதான் சொன்னார்.

"வையட்டும். நானும் இந்த ஊர்க் காத்துல வளந்தவன்தான சாமி? நான் தூக்கி அடிச்சாலும் அது இந்த ஊர் ஆட்டந்தான்."

விசில் அடித்தது. செத்த நேரம் பழையபடியே ஆடினார்கள். சின்னச் சின்ன பாஸ். கூட்டம் தாளம் போட்டது. மதுரைக்காரர்கள் அதை எதிர்பார்த்து ஒவ்வொருவராக முன்னால் நெருங்கி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மைதானம் வெறிச்சென்று கிடந்தது. எலியேசர் அதற்குத்தான் காத்திருந்தான்.

"இருதயம்! ஓடுலே!"

"எங்கண்ணே?"

"முன்னாலலே, மூதி!"

இருதயம் ஓடினான். எலியேசர் வெறுங்காலின் புறத்தைப் பந்துக்கு அடியில் கொடுத்துத் தூக்கினான். "ஏ, துரை ஆட்டம்லா ஆடுதான்!" என்று மைதான ஓரத்தில் ஒருவன் அலறினான். அலறல் பாதியிலேயே நின்றது. பூட்ஸ்காரர்களின் தலைக்கு மேலே, வேப்பமரத்துக்கும் மேலே பந்து ஏறிக்கொண்டிருந்தது. அத்தனை ஜனமும் அண்ணாந்து பார்த்தது. சடகோபனும் வாய் பிளந்து பார்த்தார். கீழே, யாருமில்லாத புழுதியில் இருதயம் மட்டும் வானத்தைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருந்தான்.