அளவெடுக்காமல் வெட்டியது

பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. தையல் கடையில் சீருடைத் துணி மலையாகக் குவிந்து கிடந்தது. கணவர் வெட்டுவார், மனைவி தைப்பாள்; இருபத்திரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு. எவ்வளவு பழைய வாடிக்கையாளராக இருந்தாலும் நாடாவைப் போட்டு அளக்காமல் அவர் கத்தரியைத் தொடமாட்டார். "போன வருஷ அளவு போன வருஷத்தோட போச்சு" என்பார்.

அன்று அளவு கொடுக்க வந்த ஐந்து வயதுச் சிறுமி, அம்மா பக்கத்துக் கடைக்குப் போய்வருவதற்குள் துணிக்குவியல் மேலேயே தூங்கிப்போனாள். அவசரமாகத் தைக்க வேண்டிய துணி அவள் தலைக்கடியில் இருந்தது. மனைவி எழுப்பவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு, சிறுமியின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். தாய் வந்து தூக்கிக்கொண்டு போன பிறகும் அந்தத் துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"உனக்குத்தான் புள்ளைங்கன்னாலே ஆகாதே" என்றார் கணவர், கேலியாக.

"யார் சொன்னது?"

"நீதான். கல்யாணமான புதுசுல என் தங்கச்சி கொழந்தை விடிய விடிய அழுதப்ப, இந்தப் பாடு நமக்கு வேண்டாம்னியே."

"அது தூக்கம் கெட்ட கடுப்புல சொன்னது. நீங்கதான் தம்பி தங்கச்சி ஆறு பேரை வளர்த்ததே போதும்னு பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொன்னீங்க. மாசாமாசம் கருத்தடை மாத்திரை வாங்கிட்டு வந்தது யாரு?"

"உனக்காகத்தானே வாங்குனேன்."

"உங்களுக்காகத்தானே முழுங்குனேன்."

கத்தரி அவர் கையில் அப்படியே நின்றது. மனைவியை வற்புறுத்தக் கூடாது என்பது அவர் கொள்கை. பிள்ளை வேண்டும் என்று பெண் வாய்விட்டுக் கேட்பது அழகல்ல என்பது அவள் வளர்ந்த விதம். இரண்டையும் நல்ல குணம் என்றுதான் ஊர் சொல்லும். அந்த நல்ல குணங்களே ஒரு குழந்தையை வரவிடாமல் செய்துவிட்டன. அவளுக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆகிவிட்டது.

"ஒரு தடவை கேட்டிருக்கலாமே" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கழுத்தில் கிடந்த நாடாவைக் கழற்றி மேசையில் வைத்தார். "அளவெடுக்காம ஒரு சட்டைகூட வெட்டினதில்ல. உன் மனசை மட்டும் கண்ணால பார்த்தே வெட்டிட்டேன்."

"நானும்தான் கேக்கல" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பிள்ளை எப்போ, பிள்ளை எப்போன்னு ஊரே கேட்டுச்சு. கேக்க வேண்டிய ரெண்டு பேரு மட்டும் கேட்டுக்கல. வேணுமோ வேண்டாமோ, அதைக் கட்டிக்கிட்டவங்க ரெண்டு பேரும் மொதல்லயே வாய்விட்டுப் பேசிடணும். நல்லவங்களா இருந்தா மட்டும் போதாதுங்க."